பாதைச் சங்கத்துப் பிரசிடெண்ட்

கோட்டைச்சாமிக்கு இங்கிலீஷில் ஒரு வாய் தண்ணீர் கேட்கத் தெரியாது. ஆனால் பதவியில் ஏறுவது, இறங்குவது, அடுத்தவனை இறக்குவது சம்பந்தமாக அந்த மொழியில் உள்ள வார்த்தைகள் அத்தனையும் அத்துப்படி. எழுபத்தொன்பதாம் வருஷம் அது. டெல்லியில் ஆட்சி ஆட்டம் கண்டுகொண்டிருந்ததால், போடிமெட்டு டீக்கடை ரேடியோவில் தினம் ஒரு வார்த்தை வந்து விழும். ரிசைன், டிஸ்மிஸ், ஆக்டிங், டேக் ஓவர். கடைக்காரரிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டு, ஏலச்செடிகளுக்கு நடுவே நின்று சொல்லிப் பார்ப்பார். வாய்க்கு ருசியாக இருந்தது.

அவரும் ஒரு பதவியில்தான் இருந்தார். மெட்டு ரோட்டிலிருந்து பிரியும் ஜீப்புப் பாதையைப் பார்த்துக்கொள்ளத் தோட்டக்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதற்கு அவர் பிரசிடெண்ட். பாதை முடிந்து தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு இரும்புச் சங்கிலி, அதற்கு ஒரு பூட்டு, சாவி அவர் அரைஞாண் கயிற்றில். அதிகாரம் மொத்தமும் அவ்வளவுதான். அதற்கே மனுஷன் நடக்கிற நடையைப் பார்க்க வேண்டுமே! மகளுக்குத் தேவாரம் ஊரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார். சம்பந்தி காசிமாயனிடம், தான் மலைப்பாதைக்கே பிரசிடெண்ட் என்று மார்தட்டியும் ஆகிவிட்டது. அவரும் மெட்டு ரோடு முழுக்க இவர் கையில் என்று நம்பிவிட்டார். சம்பந்தி வெள்ளிக்கிழமை தோட்டம் பார்க்க வருவதாக ஏற்பாடு.

இந்த நேரம் பார்த்துத்தான் சங்கக் கூட்டத்தில் பக்கத்துத் தோட்டத்துச் சுருளிவேல் வாயைத் திறந்தான்.

“மாமா, வளைவுல பள்ளம் கெடக்கு. லோடு ஜீப்பு குடை சாயுது. எம்புட்டு நாளாச் சொல்றோம், நீங்க சாவிய ஆட்டிக்கிட்டே திரியிறீக.”

கோட்டைச்சாமிக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்றார். “ஐ ரிசைன்!”

வார்த்தையைக் கற்றது ரேடியோவில். ஆனால் முறையைக் கற்றது கல்யாண வீட்டில். பந்தியில் தாய்மாமன் கோபித்துக்கொண்டு இலையை விட்டு எழுந்தால் என்ன நடக்கும்? இரண்டு வீட்டாரும் ஓடி வந்து கையைப் பிடித்துக் கெஞ்சி, மறுபடி உட்கார வைத்து, அப்பளம் கூடுதலாக ஒன்று வைப்பார்கள். அதைத்தான் இங்கிலீஷில் ரிசைன் என்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் மகாராசன். சாவியை மேஜையில் வைத்தார். துண்டை உதறினார். செருப்பை மெதுவாக மாட்டினார். கழற்றி மறுபடி மாட்டினார். கையைப் பிடிக்க ஒரு ஆள் வரவில்லை.

சுந்தரம்மாள்தான் எழுந்து வந்தாள். புருஷன் காலமான பிறகு தோட்டத்தைத் தனியாக நடத்துகிறவள். அதே டீக்கடையில் அதே ரேடியோவைக் கேட்டவள். வந்தவள் கையைப் பிடிக்கவில்லை, சாவியை எடுத்தாள்.

“அக்செப்டட்ணே. நீங்க வீட்டுச் சோலியப் பாருங்க. இனி நான் ஆக்டிங்கு.”

ரிசைனுக்குப் பின்னால் அப்படி ஒரு வார்த்தை காத்திருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அன்று சோறு இறங்கவில்லை. சம்பந்தி முகத்தில் எப்படி முழிப்பது? வெள்ளிக்கிழமை விடிவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தார். டேக் ஓவர். வெளிநாடுகளில் ராணுவத் தளபதிகள் விடிகாலையில்தான் ஆட்சியைப் பிடிக்கிறார்களாம். இவரிடம் படை இல்லாததால் தானே போய்ச் சங்கிலி மேல் உட்கார்ந்தார். சங்கிலி தொய்ந்து ஊஞ்சலாகிவிட்டது. பின்னால் சாயாமல் இருக்கவே இரண்டு கையும் தேவைப்பட்டன.

காய் பறிக்கும் பெண்களோடு ஜீப்பில் வந்து இறங்கினாள் சுந்தரம்மாள்.

“அண்ணே, வெரசா எந்திரிங்க. ஆளுக நிக்குதுக.”

“டேக் ஓவர் பண்ணிட்டேன் தங்கச்சி. சாவியக் கொண்டா.”

பெண்கள் சிரித்த சிரிப்பில் கோட்டைச்சாமிக்குக் காது சுட்டது. அந்தச் சமயத்தில் வளைவுப் பக்கமிருந்து ஒரு கூச்சல் வந்தது. பின்னாலேயே காசிமாயன் வந்தார். வேட்டியெல்லாம் சேறு, கக்கத்தில் நசுங்கிப்போன மிட்டாய்ப் பெட்டி, ஒரு கை இடுப்பில்.

“எவன்யா இந்தப் பாதைக்குப் பிரசிடெண்டு? ஜீப்பு பள்ளத்துல கவுந்து கெடக்கு! அவன இங்க வரச்சொல்லு!”

கோட்டைச்சாமி சங்கிலியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பிக்கலாம். அது சத்தியமும்கூட. ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவரால் எந்த மொழியிலும் சொல்ல முடியவில்லை.

சுந்தரம்மாள் அவரைப் பார்த்தாள். இரக்கமா, குறும்பா, அவளுக்கே வெளிச்சம். சாவியை அவர் மடியில் போட்டாள்.

“இவருதான் அய்யா பிரசிடெண்டு. நான் சும்மா ஆக்டிங்கு. இந்தாங்கண்ணே, ஹேண்ட் ஓவர்.”

“இந்தப் பள்ளத்துக்கும் நீங்கதானா சம்பந்தி?” என்றார் காசிமாயன்.

“நாந்தேன் சம்பந்தி,” என்றார் கோட்டைச்சாமி. “அந்தப் பள்ளத்த மூடத்தான் விடியக்காலமே வந்து உக்காந்திருக்கேன்.”

சொல்லிவிட்ட பிறகு மூடாமல் இருக்க முடியுமா? சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டுக் கல் சுமந்தார். சம்பந்தி பாறையில் உட்கார்ந்து வரக்காப்பி குடித்துக்கொண்டே பார்த்தார். முதுகு விட்டுப்போனது, ஆனாலும் கோட்டைச்சாமிக்கு உள்ளே சந்தோஷமாகத்தான் இருந்தது.

“பிரசிடெண்டு!” என்று சம்பந்தி காதில் விழும்படி கூப்பிட்டாள் சுந்தரம்மாள். “அந்தக் கல்ல அங்க போடாதீக. இந்தப் பக்கம் கொண்டாங்க.”

“இந்தா வந்துட்டேன் தங்கச்சி,” என்று கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினார் பிரசிடெண்ட்.