அறுநூறு மீட்டர்

தண்டவாளத்தைத் தளர்த்தியதாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட மறுநாளிலிருந்து, நாற்பத்தாறு வயதான ரயில்வே கேங் மேஸ்திரி தினமும் பகல் ஒரு மணிக்கு ஏழு அங்குலம் வளர்ந்தார். விடிவதற்குள் பழைய உயரத்துக்குத் திரும்பினார். அதை முதலில் கவனித்தது அவர் மனைவி. சாப்பிட வந்தவரின் கால்சட்டை கெண்டைக்காலோடு நின்றது. துணி சுருங்குகிறதென்று நினைத்துச் சோப்பை மாற்றிப் பார்த்தாள். சட்டைக் கையும் மேலே ஏறிய அன்று, அவரைச் சுவரோடு நிறுத்தி, ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, தலைக்கு நேரே பென்சிலால் கோடு இழுத்தாள். "கல்யாண ஃபோட்டோவுல இந்த உயரம் இருந்திருக்கக் கூடாதா," என்றாள். மறுநாள் காலையில் அந்தக் கோடு அவர் தலைக்கு மேலே முக்கால் சாண் தள்ளி நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு அவர் வேலைக்குப் போனார்.

நடந்தது இதுதான். முப்பத்தெட்டாவது கிலோமீட்டரின் தண்டவாளம் இடைவெளியே இல்லாமல் ஒட்டவைத்த ஒரே இரும்பு. குளிர்காலத்தில் போட்டது. வெயில் ஏறினால் இரும்பு நீளப் பார்க்கும், அடியில் குறுக்கே கிடக்கும் கட்டையோடு பிடித்திருக்கும் கிளிப்புகள் விடாது. நீள முடியாத நீளம் உள்ளேயே இறுகிக் கிடக்கும். இறுக்கம் மிஞ்சினால் ஒரு நாள் உச்சிவெயிலில் தண்டவாளம் பாம்பாக நெளியும், மேலே வருகிற வண்டி கவிழும். அதனால் கோடைக்கு முன்பே அதைத் தளர்த்துவார்கள். வண்டிகளை நிறுத்தி லைனைக் கையில் வாங்கி, கிளிப்புகளைக் கழற்றி, தண்டவாளத்தைத் தூக்கி உருளைகள்மேல் கிடத்தி, மரச்சுத்தியலால் நெடுகத் தட்டிக்கொண்டே போனால், அது அடக்கிவைத்திருந்ததை மெல்ல வெளியே விடும். வெப்பமானி நாற்பது காட்டும்போது மிஞ்சிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு, முனைகளை வெல்டிங் வைத்து, மறுபடியும் கிளிப் மாட்ட வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம். அந்தப் பகுதியின் இன்ஜினியருக்குக் கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல இருக்கும். வேலை முடிந்தபின் எழுதினால் கிரீஸ் விரல் தாளில் படுகிறதென்று, பதிவேட்டைக் காலையிலேயே எழுதிவிடுவார்: ஆயிரம் மீட்டர், நாற்பது டிகிரி, வேலை முழுமை. அந்தப் பதிவேட்டில் அடித்தல் கூடாது. அடித்தால் தலைமை அலுவலகத்துக்கு மூன்று படிவத்தில் விளக்கம் எழுத வேண்டும். அன்றைக்கு நானூறு மீட்டர் முடிந்திருந்தபோது, மேலதிகாரி ஒருவரின் தனி வண்டி வருகிறதென்று லைனைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள்.

"இன்னும் அறுநூறு மீட்டர் கெடக்கு சார்," என்றார் மேஸ்திரி.

"எழுதியாச்சே மேஸ்திரி," என்றார் இன்ஜினியர்.

"எழுதினது தாள்ல சார். கிளிப்பு அப்படியேதான் இருக்கு."

"அடுத்த மாசம் பாத்துக்கலாம். போடுங்க."

மேஸ்திரி போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் போட்ட முதல் பொய்க் கையெழுத்து அது. மற்றவர்கள் எத்தனை போட்டிருந்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. அவர்கள் யாரும் வளரவில்லை. அடுத்த மாதம் வந்தது, வெயில் வந்தது, லைன் கிடைக்கவில்லை. முப்பத்தெட்டாவது கிலோமீட்டரைத் தினமும் நடந்து பார்க்கும் கீமேன் அவருடைய மனைவியின் தம்பி. தோளில் ஸ்பேனரோடு மத்தியான வெயிலில் நடந்துவிட்டு வந்து, தண்டவாளம் நூல் பிடித்ததுபோல நேராக இருக்கிறதென்று ஒவ்வொரு நாளும் எழுதினான். பக்கத்துக் கிலோமீட்டர்களில் ஜல்லி விலகியது, கட்டை நகர்ந்தது. இங்கே ஒரு மயிரிழை பிசகவில்லை. "மாமா, மேல மழை வருதான்னு பாத்துச் சொல்லுங்க," என்று அவன் கேலி செய்த அதே வாரத்தில்தான் மேஸ்திரி சாமான் அறையில் தூங்கிப்போனார். தலை ஒரு சுவரிலும் கால் எதிர்ச்சுவரிலும் முட்டக் கிடந்தவர், ஒரு மணிக்கு நீள இடமில்லாமல் இடுப்புக்கு மேலே பக்கவாட்டில் வளைந்தார். அவர் போட்ட சத்தத்தில் கேங் முழுக்க ஓடி வந்தது. கால்பக்கச் சுவரின் நான்கு செங்கல்லை உடைத்த பிறகே அவர் நேரானார். முழுவதும் நேராகவில்லை. அன்றிலிருந்து இடது தோள் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. இரு முனையையும் கட்டிவைத்தால் என்ன ஆகுமென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு மத்தியானங்களில் வெட்டவெளியில்தான் படுத்தார். ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர் தைலம் கொடுத்தார். வளர்வது விடுப்புக்குரிய நோய்ப் பட்டியலில் இல்லை என்றார்.

ஒரு தடவை இரண்டு வாரம் லீவு போட்டுக் கடலோரம் இருந்த மனைவியின் பெரியம்மா வீட்டுக்குப் போனார்கள். அங்கே குளிர்ந்த காற்று, தினமும் தூறல். அங்கேயும் ஒரு மணிக்கு வளர்ந்தார். மச்சானுக்குப் போன் செய்து கேட்டபோது, முப்பத்தெட்டில் இரும்பு ஐம்பத்தொரு டிகிரி காட்டுகிறது என்றான்.

மேஸ்திரி மனு எழுதினார். அறுநூறு மீட்டர் தளர்த்தப்படவில்லை, நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன், எனக்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் சரி, நான்கு மணி நேரம் லைன் கொடுங்கள். அவர் கேட்டது அவ்வளவுதான். இன்ஜினியர் கடுதாசியைப் பையில் போட்டுக்கொண்டு, இரும்பு டேப்போடு வீட்டுக்கு வந்தார். விடிகாலையிலிருந்து அரைமணிக்கு ஒரு தடவை மேஸ்திரியை அளந்தார். முப்பத்தெட்டில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா இரும்பின் சூட்டைப் போனில் சொன்னார். விடியும்போது இருபத்தெட்டு, ஒரு மணிக்கு ஐம்பத்து மூன்று. இன்ஜினியர் ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். அறுநூறு மீட்டர் இரும்பு டிகிரிக்கு ஏழு மில்லிமீட்டர் நீளும். இருபத்தைந்து டிகிரிக்கு நூற்றெழுபத்தைந்து. மேஸ்திரி நூற்றெழுபத்தைந்து வளர்ந்திருந்தார். இன்ஜினியர் சந்தோஷப்பட்டார். கல்லூரியில் படித்தது இவ்வளவு சுத்தமாக அவருக்கு எங்கேயும் வந்ததில்லை.

"அளந்து முடிஞ்சுதுன்னா விடுங்க, அவர் சாப்பிடட்டும்," என்றாள் மனைவி.

"லைன் எப்ப சார் கெடைக்கும்?" என்றார் மேஸ்திரி.

"எதுக்கு லைன்? நீள்றது நீங்கதானே, தண்டவாளம் இல்லையே. அது பாட்டுக்கு நேரா இருக்கு. நேரா இருக்கிற தண்டவாளத்துக்கு வண்டிய நிறுத்துன்னா மேல என்னைக் கேப்பாங்களா மாட்டாங்களா?"

அவர் போன பிறகு மேஸ்திரி இரண்டாவது மனு எழுதினார். ஒன்பது வருடத்தில் பதினான்கு எழுதினார். முதல் ஐந்துக்குப் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது, பிறகு பதில் வரவில்லை. கோடையில் எலும்புகள் பிரிந்து சேரும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. குளிர்காலத்தில் உடம்பு உள்ளே இழுத்தது. விடிகாலையில் மூச்சு விடும்போது நெஞ்சில் விரிசல் விழுவதுபோலக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தண்டவாளம் ஒரு தடவைகூட வளையவில்லை, ஒரு குளிரிலும் வெடிக்கவில்லை. சிறந்த பராமரிப்புக்கான கேடயம் மூன்று முறை முப்பத்தெட்டாவது கிலோமீட்டருக்கு வந்தது. இன்ஜினியர் பெரிய இன்ஜினியர் ஆனார். மாற்றலாகிப் போனபோது, புதிதாக வந்தவரிடம் சாவிக்கொத்தையும் வரைபடங்களையும் ஒப்படைத்து, மேஸ்திரியையும் காட்டிவிட்டுப் போனார்.

பத்தாவது வருடம் நாற்பதாவது கிலோமீட்டரில் பாலத்தின் தூண் இறங்கிவிட்டதென்று லைனை இரண்டு நாள் மூடினார்கள். முப்பத்தெட்டில் வண்டி கிடையாது, அதிகாரிகள் எல்லாரும் பாலத்தில். மேஸ்திரி யாரிடமும் கேட்கவில்லை. காலை ஏழு மணிக்கே கேங்கைக் கூட்டிக்கொண்டு போனார். பதினெட்டு பேரும், எதற்கு என்று கேட்காமல், அறுநூறு மீட்டரிலும் கிளிப்புகளைக் கழற்றினார்கள், தண்டவாளத்தைத் தூக்கி உருளைகள்மேல் கிடத்தினார்கள். தண்டவாளத்தின் பக்கவாட்டிலும் கட்டையிலும் சேர்த்து ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டார் மேஸ்திரி. தண்டவாளம் நகர்ந்தால் கோடு இரண்டாக உடையும். எவ்வளவு உடைகிறதோ அவ்வளவும் தன் உடம்பிலிருந்து போகும் என்று அவர் நம்பினார். மரச்சுத்தியல்கள் இரண்டு பக்கமும் விழுந்துகொண்டே வந்தன. வெப்பமானி நாற்பது காட்டியது. கீமேன் ஜல்லியில் மண்டியிட்டுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நகருதா மாப்ள?"

"தட்டச் சொல்லுங்க மாமா."

தட்டினார்கள். திரும்பவும் முதலிலிருந்து தட்டினார்கள்.

"செத்தது மாதிரி கெடக்கு மாமா. இதுக்குள்ள ஒண்ணுமே இல்ல."

மேஸ்திரி வெட்டச் சொன்னார். இறுக்கம் உள்ள இரும்பு வெட்டும்போது ரம்பத்தைக் கவ்வும், இல்லாவிட்டால் விலகி ஓடும். இது வெட்டிய இடத்தில் வெட்டியபடி இருந்தது. இரண்டு முனைகளுக்கும் நடுவே ரம்பத்தின் கனம் மட்டுமே இடைவெளி. முழுக்கத் தளர்ந்த தண்டவாளம், புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரி. பத்து வருடமாக அது எதையும் சுமக்கவில்லை. மேஸ்திரி கொஞ்ச நேரம் அந்த இடைவெளிக்குள் விரலை வைத்துப் பார்த்தார், விரல் போகவில்லை. வெட்டுவதற்கு ஏதாவது இருந்ததென்றால் அது தண்டவாளத்தில் இல்லை என்பது பதினெட்டு பேருக்கும் தெரிந்தது. வெல்டிங் வைத்து, கிளிப்புகளை மாட்டி முடிக்கும்போது மணி ஒன்று. மேஸ்திரி அவர்கள் கண்ணெதிரே ஏழு அங்குலம் வளர்ந்து, இடது தோள் முன்னால் நிற்க, சுத்தியல்களை எண்ணி வாங்கினார். வீட்டில் மனைவி என்ன ஆச்சு என்று கேட்டாள். "ஒண்ணும் ஆகல," என்றார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அனுமதி இல்லாமல் தண்டவாளத்தை வெட்டியதற்காகப் பெரிய இன்ஜினியரே விசாரிக்க வந்தார். கோபப்படவில்லை. "செஞ்சது தப்பு மேஸ்திரி. ஆனா கெடைச்சது நல்ல தகவல்," என்றார். இறுக்கம் ஒரு தடவை ஆளுக்குள் இறங்கிவிட்டால் திரும்பிப் போவதில்லை, தண்டவாளம் நிரந்தரமாகத் தளர்ந்துவிடுகிறது: இதை அவர் நான்கு பக்கத்தில், அழகான கையெழுத்தில் எழுதினார். அடுத்த கோடைக்குள் பன்னிரண்டு கிலோமீட்டர்களுக்கு, ஒரு கிளிப்பைக்கூடக் கழற்றாமல், பன்னிரண்டு மேஸ்திரிகளிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஐந்து பேர் வளர்ந்தார்கள். ஏழு பேர் வளரவில்லை. அவர்களுடைய தண்டவாளங்கள் வளைந்தன. ஓர் இடத்தில் பயணிகள் வண்டி சாய்ந்து முப்பத்தொரு பேர் இறந்தார்கள். சம்பந்தப்பட்ட மேஸ்திரி அன்று இரவும் நன்றாகத் தூங்கினார் என்று விசாரணைக் குழுவின் அறிக்கை குறிப்பிடுகிறது. குறை முறையில் இல்லை, ஆள் எடுப்பதில்தான் என்று குழு முடிவு செய்தது. பொய்க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூக்கம் வராமல் புரள்கிறவர்கள் உடம்பில்தான் இறுக்கம் இறங்குகிறது. இனி மேஸ்திரி வேலைக்கு அப்படிப்பட்டவர்களாகப் பார்த்து எடுப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. தேர்வும் எளிமையானது. வெயிலடிக்கிற நாளில், இன்று மழை பெய்தது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். மூன்று நாள் கழித்து ஒரு குமாஸ்தா வீட்டுக்கு வந்து கண்ணைப் பார்த்துவிட்டுப் போவார்.

மேஸ்திரி ஓய்வுபெறும் வருடம் கீமேனைத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். மேஸ்திரி தனக்கென்று எதையும் கேட்பதை அப்போது விட்டிருந்தார். உயிரோடு இருக்கும்வரை அவர் அந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டிலேயே இருக்கலாமென்று உத்தரவு வந்திருந்தது. பாலங்களும் சிக்னல்களும் இருந்த பட்டியலில் அவரையும் சேர்த்திருந்தார்கள். தேர்வுக்கு முதல் நாள் மச்சானைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"என்ன கேட்டாலும் நல்லாத் தூங்குவேன்னு சொல்லு மாப்ள. படுத்தா இடி விழுந்தாலும் தெரியாது, குறட்டை விடுவேன்னு சொல்லு."

"சொல்லிடுறேன் மாமா."

அவன் போய் அப்படியே சொன்னான். மழை பெய்ததென்று கையெழுத்தும் போட்டான். நான்காம் நாள் காலையில் குமாஸ்தா வந்து போன பிறகு, சிவந்த கண்ணோடு அக்கா வீட்டுக்கு வந்து நின்றான்.

"மழைக்குப் போட்டது ஒண்ணுமே பண்ணல மாமா. குறட்டை விடுவேன்னு சொன்னேன் பாருங்க, மூணு நாளா அதுதான் நெஞ்ச அரிச்சுக்கிட்டே இருந்துச்சு."

நாற்பத்தோராவது கிலோமீட்டரை முழுவதுமாக அவன் பெயருக்கு எழுதினார்கள். ஆயிரம் மீட்டர், பதினொன்றரை அங்குலம். கோடை தொடங்கியதும் அக்கா ஒரு தச்சனைக் கூப்பிட்டு, இரண்டு வீட்டுக் கதவு நிலைகளையும் உயர்த்தச் சொன்னாள். தச்சன் அளவு மட்டும் கேட்டுக்கொண்டு, வேலையை ஒரே நாளில் முடித்துவிட்டுப் போனான்.