அப்பா தட்டிய மூன்று வரி

மதுமதி நான்காவது முறையாக மேலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கும் அம்புப் பொத்தானை அழுத்தினாள். கம்ப்யூட்டர் “டாட்” என்றது. அடுத்த வரிக்குப் போனாள். “டாட்.” மூன்றாவது வரிக்கும் அதே “டாட்.” அப்பா நேற்றுச் சாயங்காலம் தட்டிவைத்த மூன்று வரியில், இந்தப் புது சிஸ்டத்துக்கு வாசிக்கத் தெரிந்தது மூன்று முற்றுப்புள்ளிகள்தான்.

அப்பா சின்னண்ணன் வீட்டு முன்கூடமான வெளி ஆசாரத்தில் குளிர்பெட்டிக்குள் கிடந்தார். நாமகிரிப்பேட்டையில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தியவர். ரோட்டில் போகிற லாரியை நாற்காலியை விட்டு எழாமல் குரலாலேயே நிறுத்துவார் என்று பேர். போன வருஷம் தொண்டையில் கட்டி என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். பேச முடியாத அப்பா, கண் தெரியாத மகள். அவர் சைகை காட்டினால் இவளுக்குத் தெரியாது. எழுதிக் காட்டினாலும் தெரியாது. அதனால் இவளுடைய கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தமிழில் தட்டுவார். அதிலுள்ள ஸ்க்ரீன் ரீடர் இவள் காதுக்குள் வாசிக்கும். செய்தி வாசிப்பது போல ஒரு பெண் குரல். “சாமி, மழ வருது, துணிய எடு” என்பதையும் நாட்டு மக்களுக்கு அறிவிக்கிற தோரணையில்தான் சொல்லும். பத்து மாதத்தில் மதுமதிக்கு அதுவே அப்பாவின் குரலாகப் பழகிவிட்டது.

நேற்றுத் தட்டி முடித்துவிட்டு வந்து அவள் தோளைத் தொட்டார். அவள் போனில் தன் ஆபீஸ்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். “நாளைக்குக் கேட்டுக்கறனுங்ப்பா” என்றாள். விடிவதற்குள் அவர் போய்விட்டார்.

விடிந்ததும் வந்த முதல் கார் மோகன்குமாருடையது. அக்கா கோகிலவாணியின் புருஷன். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினித் துறைத் தலைவர். அந்தத் தலைமையை வீட்டுக்குள் வரும்போது செருப்போடு கழற்றி வைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்குப் படம் தேட வேண்டும் என்று மதுமதியின் கம்ப்யூட்டரைத் திறந்தார். புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளலாமா என்று திரை கேட்டது. அந்த எழவு வீட்டில் அவரிடம் மரியாதையாக அபிப்பிராயம் கேட்ட முதல் ஆள் அதுதான். உடனே சம்மதம் சொல்லிவிட்டார்.

“மாமா, தமிழ்க் குரல் எங்கீங்க போச்சு?”

“டெக்னிகலா பாத்தா அது எங்கயும் போகல அம்மிணி. புதுசுக்கு மைக்ரேட் ஆகல, இங்கிலீஷ் குரல் மட்டும் வந்திருக்கு, அவ்வளவுதான்.”

“இயர்போனும் கேக்கலீங்க. வெளிய சத்தமா வருது.”

“அது டிரைவர் பிரச்சன. ஆனா ஒண்ணு கவனிச்சியா? முன்னவிட எத்தன வேகம்!”

உண்மைதான். எதையும் படிக்காமல் இருப்பதை அது முன்னைவிட வேகமாகச் செய்தது.

“குரலத் திருப்பி எறக்கிப் போடுங்க மாமா.”

“போட்டுட்டேன். இத்தன பேரு போனும் ஒரே டவர்ல தொங்குதா, மூணு மணி நேரம்னு காட்டுது.”

அப்போது மணி பதினொன்று. பன்னிரண்டுக்கு எடுக்கிறது என்று பேசியாகிவிட்டது.

“இத்துணூண்டு மூணு வரிக்கு எதுக்கு இத்தன பாடு? நவுரு, நான் படிச்சுக் காட்டறேன்” என்று மோகன்குமார் தொண்டையைச் செருமினார். ரேஷன் கார்டைக் கொடுத்தாலும் பட்டமளிப்பு விழாவில் பேசுவது போலப் படிக்கக் கூடியவர்.

மதுமதி படக்கென்று கம்ப்யூட்டரை மூடினாள். “வேண்டாமுங்க மாமா.”

“ஏன், நாங்கெல்லாம் வேத்து மனுசரா?”

அப்பா இதுவரை தட்டியதில் பாதி இவரைப் பற்றித்தான் என்று எப்படிச் சொல்வது? ‘உங்க மாமன் வந்துட்டான். பேச்ச வளத்தாத. சோத்தப் போட்டு அனுப்பிரு.’ மீதிப் பாதியும் வேறு யார் காதிலும் விழுந்ததில்லை. அம்மா காதில்கூட. கடைசியாகத் தட்டியது மட்டும் இந்த மனிதர் வாய் வழியாக வருவதற்கு அவள் சம்மதிக்கப் போவதில்லை. அப்பாவைத் தூக்குவதற்கு முன்னால் அதைக் கேட்டும் ஆக வேண்டும்.

விஷயம் அதற்குள் வாசலுக்குப் போய், அங்கிருந்து பந்தலுக்குப் போய், அப்பாவின் தம்பி சின்னுசாமியைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

“என்ன கண்ணு, அண்ணன் ஏதோ எழுதி வெச்சிருக்குதாமா?”

“தட்டி வெச்சிருக்காருங்க சித்தப்பா.”

“எதுல இருந்தா என்ன? சபையில படிக்கறதுதான் மொற.”

அவருக்குப் பின்னால் நாலைந்து மூச்சு சேர்ந்துவிட்டதை மதுமதியால் கேட்க முடிந்தது.

அவளுக்கு வேலை சேலத்தில். பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பழைய எழுத்துருவில் இருக்கும் பாடப் புத்தகங்களைப் புதியதற்கு மாற்றித் தரும் ஆபீஸ். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ககரத்துக்கு ஒன்று, கால் குறிக்கு ஒன்று, மேலே வைக்கிற புள்ளிக்கும் ஒன்று. எழுத்தின் மேல் நின்று ஒரு பொத்தானை மூன்று தரம் தட்டினால் ஸ்க்ரீன் ரீடர் அந்த எண்ணைச் சொல்லும். எண்ணைச் சொல்லத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. ஒன்பது வருஷமாகப் பிழை பிடித்துப் பிடித்து அவளுக்கு அத்தனை எண்ணும் தலைகீழ்ப் பாடம்.

கம்ப்யூட்டரைத் திறந்தாள். முதல் எழுத்தில் நின்று மூன்று தரம் தட்டினாள்.

“டூ நைன் செவன் ஜீரோ” என்றது வெள்ளைக்காரக் குரல், அறை முழுக்கக் கேட்கும்படி.

ச.

“த்ரீ ஜீரோ ஜீரோ சிக்ஸ்.”

கால். சா.

“டூ நைன் நைன் ஜீரோ. த்ரீ ஜீரோ ஜீரோ செவன்.”

மி.

சாமி. அப்பா அவளைக் கூப்பிடுகிற பேர். பின்னால் சித்தப்பா யாரிடமோ பேனா கேட்டுக்கொண்டிருந்தார்.

“சர்வே நம்பரு. ரெண்டாயிரத்தித் தொள்ளாயிரத்து எழுவது. ஏரியோரமா இருக்குமா?”

“ஏனுங்க, நம்மூருல மூவாயிரத்துக்கு ஏதுங்க சர்வே நம்பரு?” என்றது வாசல்படியில் ஒரு குரல்.

“அதானே! அப்ப இவரு வேற ஊருலயும் வாங்கிப் போட்டிருக்காரு. கமுக்கமான ஆளுப்பா எங்கண்ணன்.”

“நோ, நோ” என்றார் மோகன்குமார். “நாலு நாலு இலக்கமா வருது பாருங்க. இது என்கிரிப்ஷன். ஓபன் பண்ணணும்னா ஒரு கீ வேணும். நான் இதுல பேப்பர் பப்ளிஷ் பண்ணியிருக்கேன்.”

மதுமதி தட்டிக்கொண்டே போனாள். ஓர் எழுத்துக்கு மூன்று தட்டு, நாலு இலக்கம். எண்கள் ஆங்கிலத்தில் விழுந்துகொண்டே இருந்தன. சித்தப்பா உள்ளங்கையில் தொடங்கி மணிக்கட்டு வரை எழுதிவிட்டு அடுத்த கைக்கு மாறினார். பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றும் ஒருத்தருக்கும் ஓர் எழுத்து தட்டுப்படவில்லை. காலையிலிருந்து அவள் திட்டித் தீர்த்த அந்த ஆங்கிலக் குரல் இப்போது காவலுக்கு நின்றது.

குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவரப் போனவர்கள் சங்கு ஊதிக்கொண்டு திரும்பும் சத்தம் கேட்டது. அவள் வேகமாகத் தட்டினாள். கடைசி எழுத்து “டூ நைன் எய்ட் ஜீரோ.” த. அதன் பின்னால் அந்த “டாட்.”

சாமி, காப்பியில உப்பு. முழுசும் குடிச்சுட்டேன். உங்கம்மாகிட்ட சொல்லாத.

நேற்று நாலு மணிக் காப்பி இவள் போட்டது. எந்த டப்பா எந்த இடத்தில் என்பது இவள் கைக்குத் தெரியும். ஆனால் முந்தாநாள் வந்திருந்தபோது அக்கா அடுக்களையை ‘ஒழுங்குபடுத்தி’ வைத்துவிட்டுப் போயிருந்தாள். புருஷன் கம்ப்யூட்டரை மேம்படுத்துகிறார், பொண்டாட்டி அடுக்களையை மேம்படுத்துகிறாள். குடும்பமே முன்னேற்றத்தில்தான் இருக்கிறது.

“முடிஞ்சுதா? என்ன கண்ணு சொல்லியிருக்குது அண்ணன்?” என்றார் சித்தப்பா.

“உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க சித்தப்பா.”

மதுமதி எழுந்து சுவரைத் தொட்டுக்கொண்டு ஆசாரத்துக்கு வந்தாள். அப்பாவைக் குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டிக் கிடத்தியிருந்தார்கள். அம்மா சௌந்திரம் அவளைக் கைபிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். அழுது அழுது அம்மாவுக்கும் குரல் போயிருந்தது.

“என்ன சாமி தட்டியிருந்தாரு?”

“காப்பி நல்லாருந்துச்சாமுங்மா.”

“நேத்து நீ போட்டதா?”

“ஆமாங்மா.”

அம்மா மூக்கை உறிஞ்சினாள். “எனக்கு ஒரு நாளாவது சொல்லியிருப்பாரா அந்த மனுசன்?”

“பொம்பளைங்க வந்து வாய்க்கரிசி போடுங்க, நேரமாகுது” என்று யாரோ கூப்பிட்டார்கள். மதுமதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அடுக்களைப் பக்கம் போனாள். “இந்நேரத்துல எங்கம்மிணி போற?” என்று மாமா கேட்டது முதுகில் விழுந்தது. அலமாரியில் முதல் டப்பாவைத் திறந்து விரலை விட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. அடுத்தது ரவை. மூன்றாவதில் கை வைத்து, நாக்கில் பார்த்து, மறுபடியும் ஒரு தரம் பார்த்து நிச்சயம் பண்ணிக்கொண்டு, ஒரு சிட்டிகை அள்ளினாள்.

ஆசாரத்துக்குத் திரும்பியதும் அம்மா அதே கையில் அரிசியைக் கொடுத்தாள். மதுமதி விரல்களால் தேடி அப்பாவின் உதட்டைக் கண்டுபிடித்து, மூடியிருந்த கையைத் திறந்தாள்.

பக்கத்தில் நின்ற சித்தப்பா குனிந்து பார்த்தார். “அரிசியோட அதென்ன கண்ணு, வெள்ளையா, பொடியா?”

“அரிசிதானுங்க” என்றாள்.

தூக்கினார்கள். சங்கு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது. கை கழுவச் சொல்லி யாரோ செம்போடு வந்து நின்றார்கள். மதுமதி பிசுபிசுத்த விரல்களை மடக்கிக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.