சந்தனம் பூசிய கல்

தசரதன் மூஞ்சியில் விழிக்கவே கஸ்தூரிக்குப் பிடிக்காது. அன்றைக்குப் பார்த்து அந்த ஆள்தான் பூஜைத் தட்டோடு முதலில் அவள் ஸ்டாலுக்குள் நுழைந்தார்.

2004ஆம் வருஷம், வேங்கிக்கால் கல்யாண மண்டபத்தில் கட்டுமானப் பொருட்காட்சி. மழைநீர் சேகரிப்புக் குழாய், சோலார் விளக்கு, சாம்பல் செங்கல் என்று மண்டபம் முழுக்கப் புதுச் சரக்கு. தசரதன் கட்டுமானச் சங்கத் தலைவர். ஊரில் பாதி நடைபாதைக்குக் கல் போட்டவர். கஸ்தூரி மூன்று வருஷமாக ஒரே கல்லோடு மல்லுக்கட்டுகிறவள். மணல் சேர்க்காமல், ஜல்லியும் சிமெண்டும் மட்டும் போட்டு அழுத்திய கல் அது. ஊற்றுகிற தண்ணீர் துளைகள் வழியே இறங்கி மண்ணுக்குள் போய்விடும்.

கிரிவலப் பாதையில் இருநூறு மீட்டர் சோதனையாகப் போடக் கல் பார்க்க இன்ஜினியர் வருவதாக இருந்தது. அந்த வேலை கிடைக்காவிட்டால் வீட்டிலிருக்கும் கல் அழுத்துகிற மெஷினில் தசரதனுக்குச் சாதாக் கல் அடித்துக் கொடுப்பது என்று அவள் புருஷன் வேணு முடிவாகச் சொல்லிவிட்டான். அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்று அவள் பதிலுக்குக் கத்தியிருந்தாள்.

"இன்னாம்மா, உன் ஓட்டைக் கல்லு இதானா? சங்கத்து சார்பா எல்லா ஸ்டாலுக்கும் பூஜை" என்றார் தசரதன்.

கண்ணாடித் தொட்டியின் மேல் அவள் பொருத்தியிருந்த கல்லில் திருநீற்றுப் பட்டை போட்டார். பிறகு சந்தனத்தைக் கை நிறைய அள்ளி, ஒரு மூலை விடாமல் உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பூசினார். அத்தனை பக்தியோடு ஒருத்தர் கெடுதல் செய்து அவள் பார்த்ததில்லை.

"போதுங்க!"

"சாமிக்கு வெச்சது. தொடச்சிடாத" என்று சொல்லிக் கற்பூரம் காட்டிவிட்டுப் போனார்.

துடைக்கக் கை பரபரத்தது. சுற்றிலும் ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றது. இந்த ஊரில் யார் துடைப்பார்கள்? அவள் கொண்டுவந்ததும் அந்த ஒரே கல்தான். மத்தியானத்துக்குள் சந்தனம் காய்ந்து இறுகிவிட்டது.

இன்ஜினியர் வந்தார். பின்னாலேயே தசரதனும் வந்தார். கஸ்தூரி சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. குளமாகத் தேங்கி, வழிந்து, இன்ஜினியர் செருப்பை நனைத்தது.

"எங்க கல்லுலயும் இப்படித்தான் சார் நிக்கும்" என்றார் தசரதன். கூட்டம் சிரித்தது.

"நீதான்யா அடைச்ச! வேணும்னே அப்பிட்டுப் போன!"

"பாருங்க சார், சாமி சந்தனத்தையே குத்தம் சொல்லுது."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பெண் "அடக்கம் வேணாமா?" என்றாள். கஸ்தூரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கம்பி பிரஷ்ஷை எடுத்து எல்லார் எதிரிலும் சந்தனத்தையும் திருநீற்றையும் பறக்கப் பறக்கத் தேய்த்தாள். மறுபடி சொம்பை எடுத்து ஊற்றினாள். கொஞ்சம் தயங்கி நின்ற தண்ணீர் சரசரவென்று கல்லுக்குள் இறங்கிக் கீழே தொட்டியில் விழுந்தது.

"பாத்தீங்களா சார்?" தசரதன் முகம் சுண்டிப்போனதை அவள் ஆசை தீரப் பார்த்தாள்.

இன்ஜினியர் கல்லைத் தடவினார். அவர் குரலில் பகை ஏதும் இல்லை.

"நல்லாத்தான் இறங்குதும்மா. ஆனா பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்குல ஜனம் வரும். திருநீறு கொட்டும், எண்ணெய் சிந்தும், ரோட்டுலயே கற்பூரம் கொளுத்துவாங்க. பதினாலு கிலோமீட்டருக்கும் யாரு பிரஷ் போடறது?"

கஸ்தூரி, பன்னிரண்டு வருஷமாக ஒரு பௌர்ணமி விடாமல் மலையைச் சுற்றுகிறவள், போன பௌர்ணமிக்கும் தன் கையால் பாதையில் கற்பூரம் ஏற்றியவள், இதை ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. வயிற்றெரிச்சலில் தசரதன் செய்த வேலைதான் அவள் கல்லுக்கு நடந்த நேர்மையான சோதனை. அதுதான் தாங்கவில்லை.

இன்ஜினியர் அடுத்த ஸ்டாலுக்கு நகர்ந்துவிட்டார். தசரதன் மட்டும் நின்றார்.

"திங்கட்கிழமை சாதாக் கல்லு அச்சு அனுப்பறேன். வேணு கிட்ட சொல்லிடு."

"மெஷினைக் காயலான் கடைக்குப் போட்டாலும் போடுவேன், உனக்குக் கல்லு அடிக்க மாட்டேன்!" மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

தசரதன் நடந்தார். திங்கட்கிழமை அவள் அடிப்பாள் என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.