எட்டு மடங்கு

திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எட்டு மடங்கு. அண்ணன் ரத்தத்தில் அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. இயல்பைவிட எட்டு மடங்கு. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அவனை வார்டில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். காய்ச்சலோடு கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, இரண்டு பேர் சாப்பாட்டை ஒரே ஆளாக முடித்துவிட்டு, என் வெள்ளைக் கோட்டைக் கேலி செய்துகொண்டிருந்தான்.

மூன்று வருடமாக நான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பது இந்த ஒரு துண்டைத்தான். செல்லுக்குள் இருக்கும் பொடிப் பயல். தானாக எதையும் உருப்படியாகச் செய்யாது, மற்ற மரபுச் செய்திகளின் வாயை அடைப்பதுதான் அதன் பிழைப்பு. வைரஸ் நுழைந்ததும் செல் கூச்சல் போட்டு எதிர்ப்புப் படையைக் கூப்பிடும். இது வந்து, போதும் சும்மா இரு என்று அடக்கும். அடக்க ஆளில்லையென்றால் உடம்பு தன்னையே எரித்துக்கொள்ளும். ரொம்ப அடக்கினாலோ வைரஸுக்குக் கொண்டாட்டம். எங்கள் ஆய்வில், வைரஸ் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்த அன்றே ஐந்து மடங்கைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் பிறகு ஐசியூவுக்குப் போனார்கள்.

அண்ணி போன் செய்தாள்.

"என்னம்மா, வந்துடுச்சா? அதிகமா இருந்தா இப்பவே ஐசியூவுக்கு மாத்திடலாம்னு டாக்டர் சொல்றாரு."

"பத்து நிமிஷம் அண்ணி."

"நீ பத்து நிமிஷம்னு சொன்னா அது பத்து நிமிஷமா இருந்ததே இல்ல."

எண்ணை நம்புவதா, ஆளை நம்புவதா? சோதனையை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன். பத்து நிமிடம் இரண்டு மணி நேரமானது. அப்போதும் எட்டுதான். வார்டுக்கு ஓடி, ரத்தம் எடுத்த நர்ஸைப் பிடித்தேன்.

"சிஸ்டர், எடுக்கும்போது ஏதாவது சிக்கலா?"

"உங்க அண்ணனோட கொழுகொழு கையில நரம்பு தேடுறதுக்குள்ள எனக்கு உயிரே போச்சு. மூணு இடத்துல குத்தி, சின்ன ஊசியப் போட்டு, இழுத்து இழுத்து எடுத்தேன்."

அப்படி இழுத்தால் சிவப்பணுக்கள் உடையும். அவற்றுக்குள்ளும் எங்கள் துண்டு மூட்டை மூட்டையாக இருக்கிறது. இது எனக்குத் தெரியாததல்ல. அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சும் ரத்த நீரான பிளாஸ்மா சிவந்திருந்தால் கொட்டிவிடுவோம், மஞ்சளாக இருந்தால் வைத்துக்கொள்வோம். எல்லாம் கண் மதிப்புதான். கண்ணுக்குத் தெரியாத சிவப்பைக் கருவியில் அளக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. யாருக்கும் என்ன யாருக்கும், எனக்குத் தோன்றவில்லை.

அண்ணனின் பிளாஸ்மா இருந்த குழாயைக் கருவியில் வைத்தேன். பார்க்க மஞ்சள்தான், ஆனால் சிவப்பு கசிந்திருந்தது. நர்ஸ் அடுத்த கையில் பெரிய ஊசியால் ஒரே குத்தில் புதிதாக எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் எண் வந்தது. ஒன்றரை.

"எங்கயும் மாத்த வேணாம் அண்ணி," என்று சொல்லிவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

வேலை முடிந்து கிளம்பிய நர்ஸ் எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். "நல்லவேளை" என்றவள், "ஒடம்பு வத்திப்போய் வர்ற சீரியஸ் கேஸுக்கெல்லாம் இதே பாடுதான். நரம்பே கிடைக்காது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஃப்ரீசரைத் திறந்து, ஐசியூவுக்குப் போனவர்களின் பழைய குழாய்கள் முப்பதை எடுத்து, உருகவைத்து, ஒவ்வொன்றாக அளந்தேன். இருபத்தாறில் சிவப்பு. லேசான காய்ச்சல்காரர்களின் குழாய்கள் முப்பதையும் எடுத்து அளந்தேன். எல்லாம் சுத்தம்.

ஐசியூக்காரர்களிடம் நான் கண்ட ஏற்றமெல்லாம் உடைந்த சிவப்பணுக்களின் சரக்காகவே இருக்கலாம். அந்தத் துண்டு நிஜமாகவே எதிர்ப்பை அடக்குகிறதா, அடக்கவே இல்லையா? எனக்குத் தெரியவில்லை. அண்ணன் தப்பித்ததற்குச் சந்தோஷப்படுவதா, என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதற்கு அழுவதா, அதுவும் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தன. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"நான்தான் பொழச்சுக்கிட்டேனேடி, கொரல் ஏன் இப்படி இருக்கு?"

சொன்னேன். கேலி செய்வான் என்று நினைத்தேன். கேள்விதான் கேட்டான்.

"அப்போ மூணு வருஷமா எதத்தான் அளந்துகிட்டிருந்த?"

"யாருக்கெல்லாம் நரம்பு கிடைக்கலங்கிறத."

அவன் சிரிக்கவில்லை.