வெள்ளிக்கிழமைக்கு ஆகாத நிறம்

கணினியில் நிரல் எழுதும் திரைக்கு நான் எப்போதும் கறுப்புப் பின்னணிதான் வைத்திருப்பேன். கிள்ளானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் என் ஆபீஸ். முதுகுக்குப் பின்னால் சோபா. அதில் என் மாமியார் புஷ்பவல்லி. கறுப்புத் திரையில் அவர் முகம் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

இனி பக்கத்து ஊரான ஷா ஆலமில் இருக்கும் ஆபீஸுக்கே வந்து வேலை செய்ய விரும்புகிறவர்கள் இன்று மதியத்துக்குள் சொல்லவேண்டும் என்று மேலாளர் லியோனல் கேட்டிருந்தார். எனக்குப் போகவேண்டும். கணவரிடம் சொன்னதற்கு, "அம்மாகிட்ட நீயே கேளுலா" என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"அத்தை, ஒண்ணு கேக்கணும்."

"முதல்ல நான் கேக்குறேன் அமுதா. வெள்ளிக்கிழமை, விளக்கு ஏத்தியிருக்கு. என்னத்துக்கு இந்தக் கறுப்பு? வேற கலர் இல்லையா?"

இருக்கிறது என்று சொல்லியிருக்கக் கூடாது. நிறங்களின் பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொரு பெயராக இறங்க இறங்க, திரை முழுவதும் அந்த நிறத்துக்கு மாறியது. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சேலைக் கடையில் உட்காருவதுபோல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது ஸ்கூல் யூனிபாரம் கலரு, தள்ளு. இது கத்தரிப்பூ, பரவால்ல. அடுத்தத காட்டு. ஐயோ, இது உங்க சித்தி தங்கமணி கட்டிக்கிட்டு வருமே, அது!"

நானும் சிரித்துவிட்டேன். என் வேலைக்குள் அவரை யாரும் இதுவரை கூப்பிட்டதில்லை. கோபித்திருந்தால் கேட்டிருப்பேன். இப்படிச் சந்தோஷப்படுகிறவரிடம் எப்படிக் கேட்பது?

சந்தன நிறப் பின்னணியும் பச்சை எழுத்தும் வந்தன.

"இதான். மங்களகரமா இருக்கு, வச்சுக்க. ஆபீஸ்ல யாரு உனக்கு இப்படிப் பாத்துச் சொல்லுவா? இனிமே நானும் இங்கயே உக்காந்துக்குறேன். நீ என்னமோ கேக்கணும்னியே?"

"தேத்தண்ணி வேணுமான்னுதான்."

அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போது, வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று லியோனலுக்குப் போனில் செய்தி அனுப்பினேன்.

திரும்பி வந்து வேலையைத் தொடங்கியபோது, நிரல் வரிகளுக்கு நடுவே எனக்கு நானே எழுதிவைத்திருந்த குறிப்புகளைக் காணவில்லை. கணினிக்கு அவை தேவையில்லை. நான் எப்படி யோசித்தேன் என்பது அவற்றில்தான் இருக்கும். சந்தனத்துக்குள் வெளிறிக் கரைந்திருந்தன. மௌஸால் இழுத்தால் மட்டும் ஒரு நீலப் பட்டைக்குள் எழுத்துகள் தெரிந்தன. அடுத்த வரிக்குப் போனதும் மறைந்தன. ஒவ்வொன்றாக இழுத்து வாசித்தேன்.

"ஸ்கிரீன்ல என்னத்த தடவிக்கிட்டே இருக்க?" அத்தை தேத்தண்ணியை ஊதிக்கொண்டே எழுந்தார். "அழுக்கா? இரு, துணி எடுத்துட்டு வரேன்."