நாலடித் தொட்டி காய ஏழு நாள்

1

இந்தக் கதையை என் அக்காவிடமிருந்து திருடினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனில் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் 'ம்' கொட்டிக்கொண்டே மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டிருந்தேன்.

"எழுதுறியா?" என்று நடுவில் கேட்டாள்.

"இல்லக்கா."

"பேனா சத்தம் கேக்குதுடா."

பிறகு ஒரு நிபந்தனையோடு விட்டாள். "என்னைப் பாவம்னு எழுதாத. அவரையும்."

அவர் என்றால் அவளுடைய மாமனார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கணவன் விட்டுப்போன வீட்டில் ஒரு மீன் தொட்டி ஒழுக ஆரம்பித்தது, அது போலவே அவள் மனமும்'

அக்காவிடம் படித்துக் காட்டினேன். "வீடு ஒழுகுது, தொட்டி ஒழுகுது, மனசு ஒழுகுது. அப்படித்தானே? அது தொட்டிடா. நாலடி நீளம். மூலையில ஒழுகுச்சு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்பதிலிருந்து மறுபடி தொடங்குகிறேன்.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். லென்ஸை அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்து, பிரேமில் உட்காரவைப்பது அவள் வேலை. அத்தான் பதினொரு மாதத்துக்கு முன் வேறொரு பெண்ணோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். போனவர் சட்டைகளை எடுத்துக்கொண்டார், சவரப்பெட்டியை எடுத்துக்கொண்டார், அப்பாவை எடுத்துக்கொள்ளவில்லை. ஆக, மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் மருமகளும் மாமனாரும் மிஞ்சினார்கள். நடுவில் இருந்த ஆள் போனபிறகு இந்த உறவுக்கு என்ன பெயர் என்று இருவருக்கும் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் அவள் 'மாமா' என்றாள். அவர் 'அம்மா' என்றார்.

(அவளை என் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "அந்த ஆளுக்கு நீ ஏன் சோறு போடணும்?" என்றும் கேட்டிருக்கிறேன். இதை நீக்கிவிடலாமா என்று பார்த்தேன். நீக்கினால் நான் நல்லவனாகிவிடுவேன். இருக்கட்டும்.)

3

தொட்டியைப் பழைய சாமான் கடையில் வாங்கினாள். ஏன் என்று கேட்டதற்கு, "வீட்டுல ஏதாவது அசையணும்னு தோணுச்சு" என்றாள். ஒரு சொட்டுகூட வெளியே வராது என்று கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். மறுநாள் காலை கூடமெல்லாம் ஈரம். மாமனார் முட்டிபோட்டு, பழைய துண்டால் ஒற்றி ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தார்.

முப்பது வருஷம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்தவர் அவர். ஒழுகுகிற இடத்தை விரலாலேயே கண்டுபிடித்துவிடுவார்.

"தூக்கிப் போட்டுடலாம் மாமா."

"எதுக்கும்மா? கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. பசைதான் போச்சு."

அதே வாரம் அத்தானிடமிருந்து அவருக்குப் போன் வந்தது. அங்கே அவருக்கென்று ஒரு அறை தயாராம், கிளம்பி வரச் சொன்னாராம்; இது பின்னால் தெரிந்தது. அன்று அக்காவுக்குச் சமையலறையில் கேட்டது மாமனாரின் பதில் மட்டும்: "கையில ஒரு வேலை இருக்குடா. முடிச்சுட்டு சொல்றேன்."

4

பழைய பசையின் மேல் புதிய சிலிகான் பசை ஒட்டாது. தொட்டியின் உள்மூலைகளில் இருப்பதை பிளேடால் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஒரு பிசிறுகூட இல்லை என்றானபிறகுதான் புதியதை வைக்க வேண்டும். (இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெலிதாக ஒரு கோடு இருக்கும். அதைத் தொடக்கூடாது. தொட்டியையே பிடித்து நிறுத்தியிருப்பது அதுதான்.)

அக்காவுக்கு அது கைவந்த வேலை. இரண்டு மாலையில் எல்லா ஓரங்களையும் முடித்தாள். அவருக்கென்று விட்டது ஒரே ஒரு மூலை. அதை அவர் நாலு நாளாகச் சுரண்டினார்.

ஐந்தாம் நாள், அவர் குளிக்கப் போயிருந்தபோது, அக்கா அந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. மனிதர் ஒன்றுமில்லாத கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து பிளேடை எடுத்தவரிடம் கேட்டாள்: "இன்னும் இருக்கா மாமா?"

"கொஞ்சம் இருக்கும்மா."

"சரி, பொறுமையாவே பண்ணுங்க."

இந்த இடத்தில், 'அந்த நொடியில் அவர்கள் இருவருக்கும் இடையே' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. அப்படியே விடுகிறேன்.

5

இதுவரை படித்தவர்களுக்கு மாமனாரைப் பிடித்திருக்கும். எனக்கும் பிடித்துவிட்டது. அதனாலேயே சந்தேகம் வந்தது. "ரொம்ப நல்லவரா வந்துட்டாரேக்கா" என்றேன்.

"அவருக்கு முன்னாடியே தெரியும்டா" என்றாள் அக்கா.

பசை வைத்த அன்று நடந்தது இது. மூலையின் இரண்டு பக்கமும் ஒட்டுத்தாள் ஒட்டியாயிற்று. அக்கா சிலிகானைப் பிதுக்கிக்கொண்டே போக, அவர் பின்னாலேயே ஈரவிரலால் ஒரே இழுப்பாக வழித்துக்கொண்டு வந்தார். வீடெங்கும் புளித்த நெடி. பத்து நிமிடத்தில் பசையின் மேல் தோல் படர்ந்துவிடும். அதற்குள் வழித்துத் தாளையும் உரித்தாக வேண்டும். நடுவில் யாரும் எழுந்து போக முடியாது. அதற்காகத்தான் அந்தக் கேள்வியை அப்போது கேட்டாயா என்றேன் அக்காவிடம். "இல்லடா. வாயில வந்துடுச்சு."

"மாமா, அவருக்கு இன்னொருத்தி இருக்கறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

விரல் நின்றது.

"நிறுத்தாதீங்க. இறுகிடும்."

விரல் நகர்ந்தது. அந்த ஓரத்தை முடித்துவிட்டுச் சொன்னார்:

"அவன் போறதுக்கு மூணு மாசம் முன்னாடியே தெரியும்மா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கிளம்பிடுவேன்னு பயந்தேன். அவன் திருந்திடுவான்னும் நெனச்சேன். எதை முதல்ல நெனச்சேன்னு இப்ப சொல்லத் தெரியல."

"தாளை உரிங்க" என்றாள் அக்கா.

6

சிலிகான் முழுக்கக் காய ஏழு நாள். அந்த ஏழு நாளும் வீட்டில் பேச்சில்லை. அவருடைய தட்டை மேசையில் வைத்து மூடிவிட்டு அவள் அறைக்குள் போய்விடுவாள். அவர் சாப்பிட்டு, தன் தட்டோடு அவள் தட்டையும் கழுவிக் கவிழ்ப்பார். மூன்றாம் நாள் அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். அக்கா பார்த்தாள், கேட்கவில்லை. எனக்குப் போன் செய்தாள். "போனா போகட்டும், விடுக்கா" என்றேன். "உன்கிட்ட சொன்னேன் பாரு" என்று வைத்துவிட்டாள்.

எழுதிப் பார்த்த முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன்.

(அ) எட்டாம் நாள் அவர் பெட்டியோடு போய்விடுகிறார். அவள் தனியாகத் தொட்டியை நிரப்புகிறாள். இரண்டு பக்கம் எழுதினேன், நன்றாகவே வந்திருந்தது. பொய்.

(ஆ) அவள் அழுதுகொண்டே "இருங்க மாமா" என்கிறாள். அவளைத் தெரிந்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள்.

நடந்தது வேறு. எட்டாம் நாள் காலை இருவரும் தொட்டியை நிரப்பினார்கள். அவள் வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினாள். அவர் காய்ந்த காகிதத்தால் ஒவ்வொரு மூலையாக ஒற்றிப் பார்த்தார். கால்வாசி நிறைந்தது. ஈரமில்லை. அரைவாசி. ஈரமில்லை. அப்போது அத்தானின் போன் வந்தது. மாமனார் கையைத் துடைத்துக்கொண்டு, எழுந்து போகாமல், அவள் எதிரிலேயே பேசினார்.

"இல்லடா, வரல. வாரா வாரம் தண்ணி மாத்தணும். ஒரு ஆளா வாளி தூக்கினா இடுப்பு போயிடும்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டது.

"அவ சொல்லலடா. அவ என்கிட்ட பேசறதே இல்ல. நானாத்தான் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. குழாய்ப்பக்கம் போனவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "அந்தச் சின்ன வாளிய எடுத்துட்டு வாங்க மாமா."

தொட்டி விளிம்புவரை நிறைந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

7

மன்னித்துவிட்டாளா என்றுதானே கேட்கப்போகிறீர்கள். நானும் கேட்டேன். அவள் அதற்குப் பதில் சொல்லாமல் மீன் வாங்கப் போனதைச் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து இருவரும் போயிருக்கிறார்கள். மாமனார் கடையின் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டிக்கு அடியில் போடக் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மீன்காரர் ஆறு குட்டி மீன்களை வலையில் அள்ளி, தண்ணீரோடு பையில் விட்டு, ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டே அக்காவிடம் கேட்டார்: "அங்க நிக்கறது உங்க அப்பாவா?"

கடை சின்னது. மாமனாருக்குக் கேட்டிருக்கும். கூழாங்கல் சத்தம் நின்றது. அவர் திரும்பவில்லை.

"நீ என்னக்கா சொன்ன?"

"எழுதறவன் நீதானே. எழுதிக்கோ" என்று போனை வைத்துவிட்டாள்.

ஒரு வாரமாக எழுதிப் பார்க்கிறேன். 'ஆமா' என்று எழுதினால் அந்த மூன்று மாதம் குறுக்கே வந்து நிற்கிறது. 'மாமனார்' என்றால் சரிதான், ஆனால் காகிதத்தில் அது யாரோ எவரோ போலிருக்கிறது. 'இல்ல' என்று எழுதக் கை வரவில்லை. ஒரு காலத்தில் வந்திருக்கும்.

எனக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் இப்போது அவர்களைத் தெரியும். மீன்காரர் பையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். மாமனார் முதுகைக் காட்டியபடியே நிற்கிறார். அக்கா பையை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்கிறாள்.

நீங்கள் சொல்லுங்கள்.