ஒட்டுப்புல்லின் அன்பு எண்

என் அண்ணன் உருவாக்கும் கணினி விளையாட்டில் வீரனோடு மூன்று பேர் கூடவே நடக்கிறார்கள். ஒரு வாள்காரன், ஒரு திருடி, ஒரு மருத்துவச்சி. மருத்துவச்சியின் பெயர் ஒட்டுப்புல். துணியில் தொற்றிக்கொண்டு போகிற இடமெல்லாம் வரும் புல்லைப் போல அவள் வீரனை விட்டு நகரமாட்டாள். எதைச் சொன்னாலும் "இல்ல... அது வந்து..." என்று தொடங்குவாள். பேசும்போது தோள்பையின் வாரைத் திருகுவாள். யாராவது திரும்பிப் பார்த்தால் வாள்காரனின் கேடயத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

அது நான்தான். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அலுவலகம் என்றால் டயர் கடைக்கு மேலே மூன்று அறைகள். வெயில் ஏற ஏற ரப்பர் வாடை மாடிக்கு வரும். கதையும் வசனமும் அண்ணன் எழுதுவான். அவனோடு கல்லூரியில் படித்தவர் நிரல் எழுதுவார். ஏதாவது ஒரு வயரைத் தேடி எப்போதும் மேசைக்கு அடியிலேயே கிடப்பதால் அவருக்குப் பூதம் என்று பெயர். உருவங்களை வரைவது ஓவியக்கா. நான் வேதியியல் படித்தவள். எனக்கு எண்கள். எந்த வாள் எவ்வளவு ஆழம் வெட்டும், எந்த மருந்து எவ்வளவு ஆற்றும், கூட நடப்பவர்களுக்கு வீரன்மேல் எவ்வளவு அன்பு.

அன்பு எண் என்பது இப்படி. போகும் வழியில் அவர்கள் ஏதாவது பேசுவார்கள். திரையில் மூன்று பதில்கள் வரும். ஆடுகிறவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதில் பிடித்தால் எண் ஏறும், பிடிக்காவிட்டால் இறங்கும். சைபருக்குக் கீழே போய்விட்டால் வீரன் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். அண்ணன் பதில்களை எழுதுவான். பக்கத்துக் கட்டத்தில் நான் எண்ணைப் போடுவேன். அந்தக் கட்டத்தின் பக்கம் அவன் தலைவைத்துப் படுத்ததில்லை.

"கணக்கு உன் துறை" என்பான்.

ஒரே ஒரு முறைதான் கட்டளையிட்டான். "ஒட்டுப்புல்லக் கிண்டல் பண்ற பதிலுக்கெல்லாம் சைபர் போடு. அவ கோச்சுக்கவே மாட்டா. அதான் அவ."

போட்டேன்.

போன மாதம் ஒரு மதியம், புதுக் காட்சி தயார் என்று எல்லோரையும் பூதத்தின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கவைத்தான். திரையில் ஓர் ஆற்றங்கரை. ஒட்டுப்புல் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுகிறாள். உங்களை எனக்குப் பிடிக்கும். வாள்காரன் வருகிறான். அவள் எழுந்து நிற்கிறாள். பை வாரைத் திருகுகிறாள். வாயைத் திறக்கிறாள்.

"இல்ல... அது வந்து... கிண்ணத்தக் கழுவிட்டேன்."

பூதம் மேசையைத் தட்டிச் சிரித்தார். ஓவியக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நான் மட்டும் அப்படியே நின்றேன்.

கல்லூரிக் கடைசி வருடம், ஆய்வுக்கூடத்தில், என் பக்கத்து மேசையில் ஒருவன் இருந்தான். பல நாள் கண்ணாடி முன்னால் பழகிய வாக்கியத்தை அவனிடம் சொல்லப் போனேன். வாயில் வந்தது "பீக்கரக் கழுவிட்டேன்." அவன் "சரி, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனான். இதை நான் உலகத்தில் ஒரே ஒருவனிடம்தான் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவன்தான் இப்போது நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, "எப்படி இருக்கு?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

காட்சி முடிந்ததும் மூன்று பதில்கள் வந்தன. விழுந்து விழுந்து சிரி. காதில் விழாத மாதிரி நடி. எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லு. நான்காவது என்று ஒன்று இல்லை.

எல்லோரும் டீ குடிக்கப் போனபின் அவனிடம் சொன்னேன்.

"அண்ணா, அத எடுத்துடு."

"எத?"

"ஆத்தங்கரைய."

"ஏய், அதுதான்டி ஆட்டத்துலயே பெஸ்ட். உன் பேரா போட்டிருக்கு? யாருக்குத் தெரியும்?"

"அந்த பீக்கர்காரனுக்குத் தெரிஞ்சிடும்."

வெளியீட்டாளர் சரி என்றால் ஆட்டத்தின் முதல் பகுதி இணையத்தில் இலவசமாகப் போகும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் விளையாட்டுப் பைத்தியங்கள். அவனும்தான். இன்றுவரை அவனுக்கு அது வெறும் பீக்கர். காட்சியைப் பார்த்தால், நான் சொல்ல வந்தது என்ன என்று தெரிந்துவிடும்.

"இன்னுமா அவன நெனச்சிட்டிருக்க?" என்றான் அண்ணன். அவனுக்கு அதுவும் சிரிப்பாக இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டே, "அண்ணன்தானே? கொஞ்சம் பொறுத்துப் போயேன். அவன் தலையெடுத்தா நமக்குத்தானே நல்லது" என்றாள். அப்போது என் தலை எங்கே இருந்தது என்று அவள் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஒட்டுப்புல்லின் கட்டங்களைத் திறந்தேன். மேலிருந்து கீழே வரிசையாகச் சைபர்கள். ஒவ்வொரு பதிலையும் படித்தேன். அது என்னிடம் சொல்லப்பட்டால் எனக்கு எவ்வளவு இறங்கும் என்று யோசித்தேன். பல பதில்களுக்கு யோசிக்கவேண்டியிருக்கவில்லை, அவை ஏற்கெனவே என்னிடம் சொல்லப்பட்டவைதான். சின்னக் கிண்டலுக்குச் சின்ன எண். ஆற்றங்கரையில் சிரித்தால் இருபது. கேட்காததுபோல நடித்தால் முப்பது. எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னால் அறுபது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் அளவு எடுப்பதுபோல எடுத்தேன்.

யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வழியும் இல்லை. நாங்கள் ஆடிப் பார்க்கும் சோதனைப் பிரதியில் அன்பு எண் எப்போதும் நூறிலேயே பூட்டியிருக்கும். சண்டையைச் சோதிக்கும்போது கூட இருப்பவர்கள் கோபித்துக்கொண்டு நின்றால் வேலை ஓடாது அல்லவா? அதனால் ஆட்டம் தொடங்கிய நாளிலிருந்து அண்ணன் என்ன சொன்னாலும் அவர்கள் அவனை முழுதாக நேசித்தார்கள். எண் ஏறி இறங்குவதைத் திரையில் காட்டவேண்டாம், அசிங்கமாக இருக்கிறது என்று அதையும் எடுக்கச் சொல்லியிருந்தான்.

வெளியாருக்குக் காட்டுவது மட்டும் பூட்டு இல்லாத பிரதி.

வெளியீட்டாளர் ஆட்டத்தைப் பார்க்க வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கொடுத்த நாற்காலியை விட்டுவிட்டு ஓவியக்காவின் முக்காலியில் உட்கார்ந்தார். அதிகம் பேசாதவர். நான் ஜன்னல் ஓரமாக நின்றேன்.

அண்ணன் ஆடினான். ஒட்டுப்புல் வாயைத் திறந்தபோதெல்லாம் கிண்டலைத் தேர்ந்தெடுத்தான். ஆற்றங்கரை வந்தது. கிண்ணம் வந்தது. வெளியீட்டாளர் லேசாகச் சிரித்தார். "இருங்க மேடம், இனிமேதான் இருக்கு" என்று சொல்லி, எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னான்.

பிறகு குகை. கல் அரக்கன் ஒரே அடியில் வீரனைச் சாய்த்தான். அது கதையில் உள்ளதுதான். விழுந்தவனை எழுப்பும் மந்திரம் ஒட்டுப்புல்லுக்கு மட்டுமே தெரியும்.

"இப்ப பாருங்க, ஓடி வருவா" என்றான் அண்ணன்.

அவள் வரவில்லை. குகை வாசலில் நின்று பை வாரைச் சரிசெய்தாள்.

கூப்பிடும் பொத்தானை அழுத்தினான். அவள் மேலே பார்த்தாள், ஏதோ மழை வருமா என்று பார்ப்பவள்போல. அரக்கன் வீரனை இன்னொரு முறை மிதித்தான். திரை கறுத்தது.

"சின்னக் கோளாறு" என்றான். சேமித்த இடத்திலிருந்து தொடங்கினான். சேமித்த இடம் ஆற்றங்கரைக்குப் பிறகு. மறுபடி குகை, மறுபடி அடி. அவள் நின்றாள். திரை கறுத்தது.

"டேய் பூதம், என்னடா இது? ஏதாவது பக் இருக்கா?"

பூதம் தன் கணினியில் எதையோ திறந்து பார்த்தார். நிதானமாக என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"பக் இல்லடா. அவளுக்கு உன்னப் பிடிக்கல."

வெளியீட்டாளர் கண்ணாடியை மூக்கில் இறக்கினார். "ஏன் பிடிக்கல?"

அண்ணன், "ஒரு நிமிஷம் மேடம்" என்று என்னைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். கீழே டயருக்குக் காற்றடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடி பண்ணின?"

"கணக்குப் போட்டேன்."

"ரெண்டு வருஷ உழைப்பு. உள்ள அந்தம்மா உட்காந்திருக்கு. எண்ண மாத்து."

"காட்சிய எடு."

"அத எடுத்தா சிரிப்பே போயிடும்!"

"அப்ப குகையில விழுந்துக்கிட்டே இரு."

என் குரல்தான். "இல்ல, அது வந்து" எதுவும் முன்னால் வரவில்லை. அண்ணன் என்னை யாரோபோலப் பார்த்தான். காற்றடிக்கும் மெஷின் நின்றது. அவன் கையால் முகத்தைத் துடைத்தான்.

"சரி. எடுத்துத் தொல."

"நானே எடுக்கறேன்."

வெளியீட்டாளருக்கு ஓவியக்கா டீயும் பிஸ்கட்டும் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தாள். நான் பூதத்தின் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆறு போனது. கிண்ணம் போனது. குரல் பதிவு போனது.

"பழைய பிரதிங்கள்லயும் இருக்கு, தங்கச்சி" என்றார் பூதம் மெதுவாக. "அதையும் அழிக்கணுமா? அப்புறம் திரும்ப வராது."

"அதையும்."

அவர் தானே குனிந்து ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். "சாது மிரண்டா காடு கொள்ளாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று முணுமுணுத்தார். ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொரு முறையும் 'நிச்சயமாகவா?' என்று கணினி கேட்டது. கேட்கக் கேட்க நன்றாக இருந்தது.

அண்ணன் என் காதருகே குனிந்தான். "மத்த எண்ணெல்லாம் பழையபடி வெச்சிட்டியா?"

"இல்ல."

"எந்தப் பதிலுக்கு எவ்வளவு?"

"கணக்கு என் துறை" என்று எழுந்து, மறுபடி ஜன்னல் ஓரமாகப் போய் நின்றேன்.

முதலிலிருந்து ஆட்டம் தொடங்கியது. வாள்காரன் பேசினான், திருடி பேசினாள், அண்ணன் சரசரவென்று போனான். ஒட்டுப்புல் வாயைத் திறந்தாள். மூன்று பதில்கள் வந்தன. அவன் கை பழக்கத்தில் கிண்டலுக்குப் போனது. நின்றது. திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்தான். நான் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. வேறொன்றைத் தேர்ந்தெடுத்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

அடுத்த பேச்சிலும் அப்படியே. அதற்கடுத்ததில் சில பதில்களை இரண்டு மூன்று முறை படித்தான். தான் எழுதியதையே முதல்முறை படிப்பவன்போல உதடு அசைந்தது. கிண்டல் இல்லாத பதிலே இல்லாத இடங்களும் இருந்தன. அங்கே எது குறைவாக வலிக்கும் என்று அவன் தேட வேண்டியிருந்தது. காது மடல் சிவந்துவிட்டது.

"ரொம்ப யோசிக்கிறீங்களே" என்றார் வெளியீட்டாளர். "நீங்க எழுதினதுதானே?"

"ஆமா மேடம்."

குகை வந்தது. அரக்கன் அடித்தான். வீரன் விழுந்தான். ஓவியக்கா பிஸ்கட்டைக் கடிக்காமல் கையில் பிடித்திருந்தாள். ஒட்டுப்புல் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் கூப்பிடும் பொத்தானை அழுத்தினான். அதன்பிறகு அவன் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

வழியெல்லாம் மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டே வந்திருந்தேன். அவளுடைய எண் சைபருக்கு மேலே இரண்டில் நின்றது. வருவாள். அதை அவனுக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.